பக்கத்து இருக்கையில் ஒரு பிரேக்

எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் ஓட்டச் சொல்லித் தருவது அவர் தொழில். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள் என்று கேட்டால், "யாருக்குத் தெரியும்? ரோட்டுல போற பாதிப் பேர் நம்ம ஆளுங்கதான்" என்பார். கொஞ்சம் பீற்றல்தான். ஆனால் அவரைப் பார்த்ததும் ஹாரன் அடித்துக் கையாட்டிவிட்டுப் போகும் வண்டிகளை எண்ணினால் ஒரேயடியாகப் புளுகு என்றும் சொல்ல முடியாது.

நாற்பத்தாறு வயதில் எனக்குக் கார் ஓட்டும் ஆசை வந்தது. ஒரு பல் மருத்துவரின் முன்னறையில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதி வைப்பது என் வேலை. நாள் முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களையே பார்த்து அலுத்துப்போயிருந்தது. "இந்த வயசுல எதுக்கும்மா உனக்கு?" என்று என் மகன் கேட்டான் பாருங்கள், அன்று சாயங்காலமே மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்துவிட்டேன். காருக்குள் இருக்கும்வரை அவருக்கு நான் 'மேடம்'. இறங்கிக் கதவைச் சாத்தினால் 'அக்கா'. இந்த ஒழுங்கை அவர் ஒருநாளும் மீறியதில்லை.

அவர் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து இருக்கையில் அவர் காலடியில் இன்னொன்று. ஆனால் அந்த இரண்டாவது பிரேக்குக்கு அவ்வளவாக வேலை வராது. அதற்கு முன்பே அவர் தொண்டை வேலை செய்துவிடும். கண்ணாடியைப் பார்க்காமல் திருப்பப் போனால் ஒரு 'க்கும்'. கியர் மாற்ற மறந்தால் ஒரு 'க்கும்'. திட்ட மாட்டார், கத்த மாட்டார், தலையில் அடித்துக்கொள்ள மாட்டார். அவரிடம் படித்தவர்களில் ஒருவர்கூட அழுதுகொண்டு இறங்கியதில்லை. எனக்கு அந்தக் கனைப்பு ரொம்பப் பிடித்திருந்தது. அது வராதவரை நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று அர்த்தம். இதோடு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் டெஸ்டில் நான் இரண்டு முறை தோற்றிருந்தேன். அதிகாரியின் உம்மணாமூஞ்சிதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாஸ்டருக்கு ஒரே மகள். பதினொரு வயது. வீட்டில் அவளுக்கு 'வாலு' என்று பெயர். பெயருக்கு ஏற்றவள்தான். மொட்டை மாடிக்கு விளையாடப் போனால் படியில் இறங்கவே மாட்டாள், கைப்பிடியில் சறுக்கிக்கொண்டு வருவாள். நான் தொலைபேசியில் பேசுகிற மாதிரியே மூக்கால் பேசிக் காட்டுவாள். அவள் அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவாள். மனிதர்களைப் படிப்பதற்கு அவளுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். அவள் வீடு திரும்ப ஏழு மணி ஆகும் என்பதால் மகளைப் படிக்க வைக்கும் பொறுப்பு மாஸ்டருடையது.

அதை அவர் செய்த அழகைச் சொல்ல வேண்டும். வருட ஆரம்பத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோருக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். வீட்டில் பிள்ளைகளை எப்படிப் படிக்க வைப்பது என்று. அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டது. தினமும் ஒரே நேரம் என்று தாளில் இருந்தது. சரியாக ஐந்தரைக்குச் சாப்பாட்டு மேஜை துடைக்கப்படும். அமைதியான இடம் என்று இருந்தது. டிவி அணைக்கப்படும், கைப்பேசி அலமாரியின் மேல்தட்டுக்குப் போகும். இரண்டு பென்சில் சீவப்பட்டு, பழத்துண்டுகள் ஒரு தட்டில் வரும். பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது நல்லது என்றும் தாளில் இருந்தது. அதை மட்டும் மாஸ்டர் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டார். காரில் எப்படி உட்காருவாரோ அப்படியே மகளுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, கண்ணை இமைக்காமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். வாலுவின் கணக்கு நோட்டில் ஒரு தப்பு இருக்காது. பார்த்துப் பார்த்து அவருக்கு உச்சி குளிரும்.

அப்படி இருக்கும்போதுதான் கணக்கு டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டு அனுப்பினார். மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையில், பாராட்டு வாங்கப் போகிறவரைப் போலப் போனார். அங்கே நடந்ததைப் பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

"வீட்டுக் கணக்குல ஒரு தப்பு இல்ல. பரீட்சையில நூத்துக்குப் பதினேழு. வீட்டுல கணக்கை யார் போடறாங்க?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

"அவளேதான் டீச்சர். நான் பென்சிலைத் தொடறதுகூட இல்ல."

"எல்லா அப்பாவும் அப்பிடித்தான் சொல்றாங்க" என்றாராம் டீச்சர். நான்கு வாரத்தில் ஒரு மறுதேர்வு இருக்கிறது, அதில் நாற்பது எடுக்காவிட்டால் இதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்து குதி குதி என்று குதித்தார். என் வீட்டுச் சன்னல் வரைக்கும் கேட்டது. "என் பொண்ணைத் திருடின்னு சொல்லாம சொல்றாங்க!"

"அது இருக்கட்டும். பதினேழு எங்கேருந்து வந்துச்சு?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"பயம்! பரீட்சைன்னா பயம்! இன்னும் நல்லாப் பழகினா எல்லாம் சரியாயிடும்."

வாலு அன்று படியில் சறுக்காமல் நடந்து இறங்கினாள். அவளுடைய சிநேகிதிகள் எல்லோரும் மேல் வகுப்புக்குப் போய்விடுவார்கள், தான் மட்டும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும் என்பது அந்தத் தலைக்குள் நன்றாக ஏறிவிட்டது. எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மாஸ்டர் ஆறரை மணி வகுப்பில் கற்றுக்கொண்டிருந்தவர்களைக் காலைக்கு மாற்றினார். ஒரு மணி நேரப் படிப்பு இரண்டு மணி நேரம் ஆனது. நோட்டு முன்பைப் போலவே பளிச்சென்று இருந்தது. ஒரு வாரம் இப்படிப் போனது.

அடுத்த வாரம் மாஸ்டருக்கு ஜலதோஷம் பிடித்தது. அது சாதாரண ஜலதோஷம் இல்லை. மூக்கு, தொண்டை, மார்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மனிதரை உலுக்கியது. மூன்றாவது முறையாக டெஸ்டுக்குப் போவதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க நான் அன்று கீழே போயிருந்தேன். அப்பாவும் மகளும் மேஜையில் இருந்தார்கள். "ரெண்டு நிமிஷம் உக்காருங்கக்கா, இந்தக் கணக்கு முடியட்டும்" என்றார். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

பின்னக் கணக்கு. மூன்றில் இரண்டோடு நான்கில் ஒன்றைக் கூட்ட வேண்டும். வாலு ஓரத்தில் என்னவோ எழுதிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டில் பதினொன்று என்று விடை போட்டாள். சரியான விடை. அந்த நேரம் பார்த்து மாஸ்டர் இருமினார். உடனே அவள் ரப்பரை எடுத்து விடையை அழித்தாள். ஏழில் மூன்று என்று எழுதினாள். மாஸ்டர் மறுபடியும் இருமினார். அதையும் அழித்தாள். பன்னிரண்டில் மூன்று என்று எழுதிவிட்டுப் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். மாஸ்டர் இருமலை அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் கண்ணில் நீர் வழிய இருமித் தீர்த்தார். அவள் தாள் கிழிகிற அளவுக்கு அழித்துவிட்டு அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அப்பா, இனிமே வேற என்னதான் இருக்கு?"

எனக்கு முதலில் குபீரென்று சிரிப்பு வந்தது. அடுத்த நொடி சிரிப்பு நின்றுபோனது. அந்தப் பிள்ளை செய்ததை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தால், செய்தது நானேதான்.

"மாஸ்டர், முதல்ல போட்டது சரியான விடை. நீங்க இருமினதால அழிச்சிட்டா" என்றேன். "நானும் இப்பிடித்தான் ஓட்டினேன். நீங்க கனைச்சா தப்பு, கனைக்கலன்னா சரி. எனக்குத் தெரிஞ்ச டிரைவிங் அவ்வளவுதான். டெஸ்ட் எடுக்க வந்தவர் கனைக்கவே இல்லை. நான் எப்பிடித் தேறுவேன்?"

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். காரில் கனைப்பது அவருக்குத் தெரியும், அது அவர் தொழில். வீட்டிலும் அதே தொண்டை அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கே தெரியாது. மகள் பக்கம் திரும்பி, "நீயும் அப்பிடித்தானா?" என்று கேட்டார்.

"நீங்க சொல்லிக் கொடுக்கத்தானேப்பா கனைக்கறீங்க?" என்றாள் வாலு. அவள் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. எல்லார் வீட்டிலும் அப்பாக்கள் இப்படித்தான் கணக்குச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

ஏழு மணிக்கு வந்த அவர் மனைவியிடம் நடந்ததைச் சொன்னோம். அவள் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். "இருமல் மருந்து வாங்கிட்டு வந்தேன். இது ஜலதோஷ இருமலுக்கு. இன்னொரு இருமலுக்கு எங்க கடையில மருந்து இல்லையே" என்றாள்.

மறுதேர்வுக்கு மூன்று வாரமே இருந்தது. மாஸ்டர் தன்னைத் திருத்திக்கொள்ளப் பட்ட பாடு தனிக் கதை. முதல் நாள் வாயில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். தப்பு வருகிறபோதெல்லாம் கன்னம் உப்பியது. வாலு கன்னத்தைப் பார்த்து எழுதினாள். அடுத்த நாள் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். செய்தித்தாள் நடுங்கியது. அதையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கல் மாதிரி உட்கார்ந்திருந்தபோது, அவள் எதற்கு அடிக்கடி பென்சிலைக் கீழே போட்டுவிட்டுக் குனிகிறாள் என்று அவள் அம்மா எட்டிப் பார்த்தாள். மேஜைக்கடியில் மாஸ்டரின் கால் தரையைப் பிரேக் என்று நினைத்து அழுத்திக்கொண்டிருந்தது.

"உங்க உடம்பு முழுக்க விடைதான் இருக்கு" என்றாள் மனைவி. "நீங்க அவ பக்கத்துல இருங்க. அது அவளுக்கு வேணும். ஆனா நோட்டைப் பாக்காதீங்க. அவ எல்லாத்தையும் முடிச்சப்புறம், 'இதை எப்பிடிப் போட்டே?'ன்னு மட்டும் கேளுங்க. சரியாப் போட்டதுக்கும் அதே கேள்வி, தப்பாப் போட்டதுக்கும் அதே கேள்வி. குரல் மாறக் கூடாது."

குரல் மாறாமல் கேட்பதற்கு அவரைப் பத்துத் தடவை சொல்ல வைத்துப் பழக்கினாள். அவர் நோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துவைத்துக் காய்ந்த துணிகளை மடித்தார். அந்த மூன்று வாரமும் அந்த வீட்டுத் துணிகள் கடையில் அடுக்கி வைத்தவை போல இருந்தன.

இந்தப் புது ஏற்பாட்டின் முதல் நாளே ரகளை. சரியாகப் போட்ட ஒரு கணக்கைக் காட்டி, "இதை எப்பிடிப் போட்டே?" என்று அவர் கேட்டதும் வாலு ரப்பரை எடுத்தாள். அவள் அம்மா ரப்பரின்மேல் கையை வைத்தாள். "கேள்விதானே கேட்டார்?" வாலுவுக்கு உதடு பிதுங்கியது. "சரியா தப்பான்னு சொல்லுங்கப்பா! ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க? என் மேல கோபமா?" என்று ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

நான் வேலை முடிந்து வந்தபோது மாஸ்டர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. "அக்கா, இத்தனை வருஷத்துல என் வண்டியில யாரையும் எதுலயும் இடிக்க விட்டதில்ல. இப்ப என் பொண்ணே இடிக்கப் போறா. நான் சும்மா உக்காந்து துணி மடிக்கணுமாம்."

"காகிதத்துலதானே மாஸ்டர் இடிக்கப் போறா? ரத்தமா வரப் போகுது?" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். ஆனால் அவர் பக்கத்திலேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளை அழும்போது விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருப்பது லேசான காரியம் இல்லை. எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், எனக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய சோதனை அடுத்து வந்தது. வீட்டுக் கணக்கின் அடியில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். அன்று பத்துக் கணக்கில் நான்கு தப்பு. தப்பு என்று தெரிந்தே அதன் கீழே கையெழுத்துப் போட மாஸ்டருக்குக் கை வரவில்லை. பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"நம்ம கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போடறப்பகூட இவ்வளவு யோசிக்கல நீங்க" என்றாள் மனைவி.

போட்டார். அவள் அதற்குக் கீழே, 'இவை அனைத்தும் அவளே போட்டவை' என்று ஒரு வரி எழுதி அனுப்பினாள். மறுநாள் நோட்டு சிவப்பு மையோடு திரும்பி வந்தது. கடைசியில் டீச்சர் எழுதியிருந்தார்: 'இவளுக்கு எது தெரியவில்லை என்று இன்றுதான் எனக்குத் தெரிந்தது. மதியம் பத்து நிமிடம் என்னிடம் அனுப்புங்கள்.' மாஸ்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, டீச்சர்மேல் வைத்திருந்த கோபத்தை அப்போதே இறக்கி வைத்தார்.

பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நன்றாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஒருநாள் இரண்டு தப்பு வரும், மறுநாள் ஆறு வரும். சில நாள் வாலு தப்பான கணக்கை அவ்வளவு தெம்பாக விளக்குவாள், கேட்கிற மாஸ்டருக்கே தான் படித்தது தப்போ என்று சந்தேகம் வந்துவிடும். ஆனால் அழுகை நின்றது. ரப்பரை எடுக்கிற கை நின்றது. "எப்பிடிப் போட்டே?" என்று கேட்டால், நாற்காலியில் முட்டி போட்டு ஏறிக்கொண்டு, பென்சிலை ஆட்டி ஆட்டி, டீச்சர் மாதிரி சொல்லுவாள். மாஸ்டர் மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்.

இதற்கிடையில் நானும் சும்மா இல்லை. "மாஸ்டர், நீங்க பின் சீட்டுல உக்காருங்க, வெளியே பாத்துக்கிட்டு வாங்க" என்றேன். மைதானத்தில் முதல் சுற்றிலேயே ஒரு பிளாஸ்டிக் டிரம்மை இடித்துத் தள்ளினேன். பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மூன்றாவது டெஸ்டில் தேறினேன். உம்மணாமூஞ்சி அதிகாரிதான் அன்றைக்கும் வந்திருந்தார்.

மறுதேர்வு நாள் வந்தது. வாலு பள்ளிக்கூடத்துக்குள் போன பிறகு மாஸ்டர் எதிர்ச் சாலையில் காரை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே போகவும் முடியாது, வேலைக்குப் போகவும் மனம் வராது. வெளியே வந்தவளிடம் எப்படி எழுதினாய் என்று கேட்கக்கூடத் தைரியம் வரவில்லையாம். அவளும் சொல்லவில்லை. விடைத்தாள் கொடுக்க மூன்று நாள் ஆகும் என்றார்கள். அந்த மூன்று நாளும் அந்த வீட்டில் யாரும் கணக்கு என்ற சொல்லையே எடுக்கவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் அவர் மனைவி சீக்கிரமே வந்துவிட்டாள். என்னையும் தேநீர் குடிக்கக் கூப்பிட்டிருந்தாள். தனியாகக் காத்திருக்கப் பயம், வேறொன்றும் இல்லை. மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாலு வந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை. விடைத்தாளை அப்பாவுக்கு முன்னால் விரித்து, மதிப்பெண் இருந்த மூலையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள்.

"மார்க் அப்புறம். முதல்ல ஏழாவது கணக்கைப் பாருங்க."

பார்த்தோம். ஐந்தில் மூன்றோடு ஆறில் ஒன்றைக் கூட்ட வேண்டும். பதினொன்றில் நான்கு என்று முழுக் கணக்கையும் போட்டு முடித்து, குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்திருந்தாள். அதற்குக் கீழே வேறு விதமாக மறுபடியும் போட்டு, முப்பதில் இருபத்து மூன்று என்று எழுதியிருந்தாள். அதன் பக்கத்தில் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது.

"இதை எப்பிடிப் போட்டே?" என்றார் மாஸ்டர். குரல் மாறாமல்தான் கேட்டார்.

"முதல்ல மேலே இருக்கிறதையும் கூட்டி, கீழே இருக்கிறதையும் கூட்டிட்டேன்பா. எழுதி முடிச்சிட்டு அடுத்த கணக்குக்கே போயிட்டேன். அப்புறம் என்னவோ மாதிரி இருந்துச்சு. அஞ்சுல மூணுன்னா பாதியைவிட அதிகம். அதோட இன்னும் கொஞ்சம் சேத்தா, பாதியைவிடக் குறைஞ்சா போகும்? போகாதே! அதான் அடிச்சிட்டேன்."

"தப்புன்னு யாரு சொன்னா?"

"அங்கே யாரும் பேசக் கூடாதுப்பா. எனக்கே தெரிஞ்சுது."

அவள் அம்மா மெல்ல அந்தக் கட்டைவிரலை விலக்கினாள். ஐம்பத்து மூன்று. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள், எனக்கும் கண் கலங்கிவிட்டது. வாலு தேறிவிட்டாள். மேல் வகுப்புக்குப் போகலாம். மாஸ்டர் அந்த மூலையைப் பார்க்கவே இல்லை. குறுக்கே கோடு போட்டு அடித்திருந்த அந்தத் தப்புக் கணக்கின்மேல் விரலை வைத்துக்கொண்டு, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார்.

அவள் நாற்காலியில் முட்டி போட்டு ஏறி, இன்னொரு தடவை சொன்னாள்.